செவ்வாய்க்கிழமைத் தொட்டி

மூன்றாவது முறையும் செவ்வாய்க்கிழமைத் துணிதான் திரும்பி வந்தது.

பொதட்டூர்பேட்டைத் தறிகளில் நெய்த வெள்ளைத் துணி, திருத்தணியில் ஹேமநாதனின் கொட்டகைக்கு வந்து, நூலில் ஏற்றிய கஞ்சியைக் கழித்துவிட்டுச் சாயத்துக்குப் போகும். கஞ்சி மிச்சமிருந்தால் அந்த இடத்தில் சாயம் ஒட்டாது. திரும்பி வந்த துணியை ஹேமநாதன் மேசைமேல் விரித்தார். தேமல் படர்ந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது.

"விஜி, கஞ்சி கழிக்கற பவுடர வித்துக்கினு இருக்கான் அவன். செவ்வாக்கெழமன்னா மூணு மணிக்கே பையத் தூக்கிகினு மலைக்குப் போறேன்னு கெளம்பிடறான். பையில இன்னா கீதுன்னு யாரு பாத்தா?"

அவர் சொன்னது வேடியப்பனை. பதினோரு வருஷமாகக் கஞ்சி கழிக்கும் தொட்டியைப் பார்ப்பவர்.

"இன்னிக்கும் செவ்வாக்கெழமதான். கூடவே நின்னு பாரு. சாயங்காலம் வந்து சொல்லு. ஆமா, திருடறான்னு நீ சொன்னா நாளைக்கு அவன் எடத்துல என் மச்சான் மவன் தொட்டில நிப்பான்."

விஜிக்கு வேலை துணியைச் சோதிப்பது. மாலையில் பிளஸ் டூ தனித்தேர்வு வகுப்பு. நடந்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதாவிட்டால், அது நடந்ததுதானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். இப்போது ஒரு மனிதரின் பிழைப்பு அவள் வாய்ச்சொல்லில் தொங்கியது.

அந்தப் பவுடர் ஒரு நொதி. கஞ்சியின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்கும். நறுக்கிய பிறகும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த சங்கிலிக்கு நகரும். முன்பெல்லாம் இரண்டு நாள் ஊறவைத்த துணி இப்போது ஒரு மணி நேரத்தில் கஞ்சியை விடுகிறது. கொஞ்சம் தூளே ஒரு தொட்டிக்குப் போதும். அதனாலேயே கொஞ்சம் காணாமல் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் தூளின்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டாள். எடுத்த அளவை ஈடுகட்ட மைதா கலந்திருந்தால் கருநீலமாகும். ஆகவில்லை. வேடியப்பன் டீ குடிக்கப் போன நேரத்தில், கூசிக்கொண்டே, அவர் பையைத் திறந்தாள். மடித்த வேட்டி, தேங்காய், கற்பூரம். வெளியே கொடுத்தால் பையிலா வைத்திருப்பார், இடுப்பில் முடிந்திருப்பார் என்று உடனே தோன்றியது. திரும்பி வந்தவர் அவள் கண்ணெதிரே தூளை எடை போட்டார். அளவு சரியாக இருந்தது. அதற்கும், தான் நிற்பதால்தான் சரியாகப் போடுகிறார் என்று ஒரு காரணம் கிடைத்தது.

தூளைக் கொட்டப்போன தொட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"இன்னாண்ணா, இப்படிக் கொதிக்குது? எப்பவும் விரலு வச்சு எடுக்கற சூடுதான?"

"மத்த நாளு அப்படித்தான். செவ்வாக்கெழம சீக்கிரம் போவணுமே. நீதான பாப்பா சொன்ன, சூடு ஏத்துனா வேகமா முடியும், பாடத்துல கீதுன்னு."

தப்பிக்கப் பழியைத் தன்மேல் தள்ளுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நோட்டைப் புரட்டினாள். நான்கு வாரத்துக்கு முந்தைய பக்கம், அவள் கையெழுத்து: 'வெப்பம் கூடினால் வினையின் வேகம் கூடும். வேடியப்பன் அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.' அதற்கடுத்த வகுப்பின் பக்கம் வெறுமையாக இருந்தது. அன்று பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

இரண்டு டம்ளரில் நீர்த்த கஞ்சி எடுத்தாள். ஒன்றில் வெதுவெதுப்பாக, இன்னொன்றில் கொதிக்கக் கொதிக்க. இரண்டிலும் ஒரே அளவு தூள். அரை மணி கழித்து, ஆறவிட்டு, அயோடின் விட்டாள். முதல் டம்ளரில் அயோடினின் பழுப்பே மிதந்தது. இரண்டாவது மைக்கூடு போலக் கறுத்தது; கஞ்சி அப்படியே இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை செய்தாள். அதுவும் அப்படியே. அவள் போகாத வகுப்பில் நடந்த பாடம் இதுதான்: நொதியும் முட்டை வெள்ளைக்கரு மாதிரிதான். இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாக இருப்பது கொதியில் வெந்து உருமாறிவிடும், பிறகு ஆறினாலும் பழையபடி ஆகாது.

அண்ணனிடம் சொன்னதாக எழுதிய அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தைத்த நோட்டு; ஒன்றைக் கிழித்தால் எதிர்ப்பக்கமும் கழன்று வரும் என்பதுவரை யோசித்துவிட்டாள். பிறகு நோட்டையும் இரண்டு டம்ளரையும் ஹேமநாதனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"ரெண்டு பேரும் சேந்துகினு எனக்குக் கத வுடலியே?"

"இல்ல சார். தப்பு என்னுது. அவரு திருடல."

"சரி, அவன் இருக்கட்டும்." கையை நீட்டினார். "பவுடர் டின்னு சாவி உன்கிட்டதான கீது, குடு. இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை சூடு சரியாயிருக்கிறது என்று அவள் சொன்னபோது, வேடியப்பன் தலையை ஆட்டினார். ஆனால் தூளைக் கொட்டவில்லை. தன் விரலைத் தொட்டியில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை வைத்தார்.

"இப்ப சரி," என்றார், அவளைப் பார்க்காமலே.