தாழ்ப்பாள் இருக்கா?

இந்த விடுமுறைக்கு ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது என்று சலூனில் வைத்துத்தான் பேச்சு தொடங்கியது. மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் இப்போது அந்த சலூனை நடத்துகிறார். இன்னொருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். லீவு விட்டால் வேனும் சும்மா, அவரும் சும்மா. மூன்றாமவர் பேக்கரிக்காரர். எந்த வாசலுக்கும் குனிந்தே நுழைய வேண்டிய உயரம் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு நெட்டை என்றுதான் பெயர்.

வருஷா வருஷம் எங்காவது போவார்கள். எல்லாருக்கும் முன்னால் பையைக் கட்டி வைப்பது நெட்டைதான். போன வருஷம் அவருக்குக் குடலில் பெரிய ஆபரேஷன் நடந்ததால் யாருமே போகவில்லை. இப்போது ஆள் தேறி, பழையபடி மாவு பிசைகிறார். ஆனால் பயணம் என்றதும் பிடி கொடுக்காமல் பேசினார். ஒரு தடவை பேக்கரி அடுப்பு சரியில்லை என்றார். இன்னொரு தடவை, பார்ப்போம் என்றார். கடைசியில், "பொண்ணுக்குப் பரீட்சை இருக்குடா" என்றார்.

வேன்காரர் அவரையே பார்த்தார். "உன் பொண்ண தினமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"நீதான்."

"லீவு விட்டாச்சு. எந்த ஸ்கூல்ல அவளுக்குப் பரீட்சை?"

சலூன்காரர் சிரித்துவிட்டார். வேன்காரர் சிரிக்கவில்லை. "எங்களோட வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத." சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சலூன் பக்கம் வரவே இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் நெட்டை சவரத்துக்கு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. சலூன்காரர் துணியைப் போர்த்தி, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, சோப்பு நுரையைப் பூசினார். கத்தியை எடுக்கும்போது துணிக்கு அடியில் கொளகொளவென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னாலேயே வாடையும் வந்தது. நெட்டை கண்ணை இறுக மூடிக்கொண்டார். நுரைக்கு மேலே தெரிந்த நெற்றி சிவந்துவிட்டது.

சலூன்காரர் கடைக் கதவைச் சாத்தினார். உள்ளறையில் வெந்நீரும் ஒரு துவாலையும் தன்னுடைய மாற்றுச் சட்டையும் வைத்துவிட்டு வந்து, "உள்ள போடா. மெதுவா வா" என்றார்.

நெட்டை வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் நாற்காலியில் உட்காராமல், காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வயித்துல ஓட்டை போட்டு ஒரு பை ஒட்டியிருக்காங்கடா. எல்லாம் அதுலதான் வருது. சாகிற வரைக்கும் இதுதான். வீட்டுக்காரிக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. அசிங்கமா இருக்கு. எப்ப நிரம்பும், எப்ப சத்தம் போடும்னு தெரியாது. உங்களோட ஒரே ரூம்ல நான் எப்படிடா படுப்பேன்?"

"நீ குறட்டை விட்டா மட்டும் எங்ககிட்ட கேட்டுட்டா விட்ட? அதையே சகிச்சோம்."

நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே குரல் உடைந்தது. சலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, நுரை காய்ந்துபோன கன்னத்தை ஈரத் துவாலையால் துடைத்துவிட்டார்.

"அவன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். பொய் சொன்னது நான். நானே சொல்றேன்."

வேன்காரர் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நெட்டை சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரே ஜன்னலையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாளியில் துணியைப் போட்டார்.

"இத்தன நாளா தனியா கிடந்து அல்லாடியிருக்க. நானும் வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

"விடுடா. உனக்கென்ன தெரியும்?"

"ஒரு தரம் மாத்தினா எவ்வளவு நேரம் தாங்கும்? மாத்தறதுக்கு என்னென்ன வேணும்?"

"தண்ணி வேணும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டை மாவு பிசையும்போது போன் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால் அவர் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வேன்காரர்தான்.

"பெட்ரோல் பங்க் பாத்ரூம்ல நிக்கிறேன். தண்ணி வருது. தாழ்ப்பாள் இருக்கு. சுத்தம் சுமார்தான்."

"எந்த பெட்ரோல் பங்க்? எங்கடா இருக்க?"

"ஏரிக்குப் போற வழியில. பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. "இது ஒரு ஓட்டல். தாழ்ப்பாள் இல்ல. ஆனா கதவு வெளிப்பக்கம் திறக்குது. நான் முதுகக் குடுத்து நின்னா ஒரு பய திறக்க முடியாது."

"அண்ணே, சாமான் பைய மாட்ட உள்ள கொக்கி ஏதாவது இருக்கா பாருங்க" என்றார் நெட்டையின் மனைவி.

"இருக்கும்மா. ரெண்டு இருக்கு."

இப்படியே ஏரி வரைக்கும் போன் வந்துகொண்டிருந்தது. நெட்டை மாவை அடித்து அடித்துப் பிசைந்தார். அன்றைக்கு ரொட்டி வழக்கத்தைவிட மெத்தென்று வந்ததாக மனைவி சொன்னார்.

மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். வழியில் ஒரு தரம் பை கசிந்துவிட்டது. வேன்காரர் வண்டியை ஓரங்கட்டினார். சலூன்காரர் சலூன் துணியை வேன் ஜன்னலில் கட்டி மறைத்துவிட்டு, இருவரும் வெளியே நின்று கிரிக்கெட் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டார்கள். உள்ளேயிருந்து நெட்டை, "ரெண்டு பேர் சொல்றதும் தப்புடா" என்றார்.

ஏரியில் மற்ற இருவரும் இறங்கினார்கள். நெட்டை கரையில் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். பையோடு தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும் அவருக்கு நம்பிக்கையில்லை. வெயில் ஏறியது. எழுந்து அறைக்குப் போய்ப் புதுப் பையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றாமலே முழங்கால், இடுப்பு, மார்பு என்று மெல்ல இறங்கினார். சட்டை தண்ணீரில் உப்பி மிதந்தது. அவர் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"எப்படிடா இருக்கு?" என்று சலூன்காரர் கேட்டார்.

"ஒட்டிட்டுதான் இருக்கு."

"நான் தண்ணியக் கேட்டேன்."

"அதுவா? ஜில்லுனு இருக்கு" என்றார் நெட்டை. வேன்காரர் நீந்தி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.