இதுதானே புதுசு?

தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் அவன் அதை உள்ளே போட்டான்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோக வட்டு. நடுவில் ஒரு சுருள்கம்பி. பாத்திரத்தின் அடியில் டங்கென்று போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தான். ஆவி மூக்குக்கண்ணாடியை மூடியது. கழற்றிவிட்டு மறுபடி குனிந்தான்.

திறக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். திறக்காதே.

அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுத்தட்டு மெல்ல நகர்ந்தது. முதலில் ஒரு நூல் இடைவெளி. அப்புறம் அரை விரல்கடை. கொதிக்கிற தண்ணீரில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"என்னப்பா, டீக்குத் தண்ணி வெச்சியா, இல்ல கடல வத்த வெக்கறியா?" அத்தை சமையலறை வாசலில் நின்றாள். "வெளியில இருபது பேர் உக்காந்திருக்காங்க."

"இதோ ஆச்சு அத்தை."

அத்தை போகும்வரை பாத்திரத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான். பிறகு கரண்டியால் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பேன்ட் பைக்குள் போட்டான். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தான். பைக்குள் இருந்தது தொடையைச் சுட்டது. எடுக்கவில்லை.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

தேநீருக்குப் பெரிய பாத்திரத்தைத் தேடிச் சமையலறையின் அடித்தட்டில் கையை விட்டபோதுதான் அந்தத் துணிமுடிச்சு கிடைத்தது. பிரித்துப் பார்த்தான். காருக்குள் போயிருக்க வேண்டியது இங்கே இருக்கிறதோ என்ற சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வெப்பம் பாடம் நடத்துகிறவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இதே அடுப்பில்தான் அந்தப் பாடம் நடந்தது.

அப்பாவின் பழைய காரில் சூட்டுமுள் சிவப்புக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பானர் வந்து பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட் இறுகிப் போச்சு. நாளைக்கு ஷெட்டுக்குக் கொண்டாங்க, மாத்திடலாம்" என்றார். தெருமுனையில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். சொந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். சாயங்கால நடைக்குத் துணை.

"இதுக்குப் போய் ஷெட்டாப்பா? ரெண்டு போல்ட்டு, ஒரு ஹோஸ். நானே மாத்திடுவேன்" என்றான் அவன். போனில் மூன்று வீடியோ பார்த்திருந்தான். அந்தத் தைரியம்.

பழையதைக் கழற்றி, கடையில் வாங்கிவந்த புதியதோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைத்தான். புதியது திறந்தது. பழையது கல்மாதிரிக் கிடந்தது. "உள்ள மெழுகு இருக்கும்பா. சூட்டுக்கு மெழுகு விரிஞ்சா வால்வு திறக்கும், ரேடியேட்டர் தண்ணி உள்ள வரும். திறக்கலன்னா இன்ஜின் வெந்துடும்" என்று விளக்கினான். அப்பா நல்ல மாணவனைப்போலத் தலையாட்டினார்.

"சமைக்கற பாத்திரத்துல வண்டிச் சாமானைப் போட்டு வேக வெக்கறீங்களே, ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா?" என்று அம்மா கத்தினாள். பாத்திரத்தைத் தேய்த்த சூட்டில் தெர்மோஸ்டாட் இரண்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டாள். அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது. பழையதும் பளபளவென்று ஆகிவிட்டது.

அப்பாதான் டார்ச் பிடித்தார். அப்பாதான் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுதானே புதுசு?"

அவன் கண் போன் திரையில் இருந்தது. வீடியோக்காரன் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆமாப்பா, குடுங்க."

"சரியாப் பாத்துக்கோ."

"அதான் சொல்றேன்ல."

மூடியைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டான். முள் அசையவில்லை. கையைத் தட்டிக்கொண்டான். அப்பா அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா? பாலம் வரைக்கும்."

"மேட்ச் ஆரம்பிச்சிடும்பா. நாளைக்குப் போலாம்."

அப்பா இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

திங்கள் போகவில்லை. செவ்வாய் போகவில்லை. புதன் காலை ஆறரைக்கு அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த வண்டி மறுபடி வாசலைவிட்டு வெளியே வந்தது. பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் முள் சிவப்பைத் தொட்டது, மூடியிலிருந்து ஆவி பீறிட்டது, வண்டி நின்றது. பின்சீட்டில் அம்மாவின் மடியில் அப்பா. அவன் நடுரோட்டில் கையை ஆட்டி ஆட்டி ஒரு டாக்சியை நிறுத்துவதற்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா கேட்டார்: "வண்டிய யாருடா பாத்தது?"

"எப்பவும் ஸ்பானர்தான் பாப்பார் சித்தப்பா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேநீர்த் தட்டோடு அவன் முன்னறைக்கு வந்தபோது ஸ்பானர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை. தேய்த்துக் கழுவிய கை. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. நேராக அப்பாவின் கால்மாட்டுக்குப் போய் நின்றார். பாதத்தை ஒருதரம் தொட்டார். அவ்வளவுதான்.

"வாய்யா. உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." சித்தப்பா நாற்காலியைவிட்டு எழுந்தார். குரல் வாசல்வரை போனது. "வண்டில கை வெச்சா அவன்தான் வெக்கணும்னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நடுப்பாலத்துல நிக்கறதுக்கா பாத்துக் குடுத்த? இப்படிப் பாத்ததுக்கு நீ பாக்காமலே இருந்திருக்கலாமே!"

இருபது தலைகள் திரும்பின.

ஸ்பானர் அவனைப் பார்த்தார். எதிரே வருகிறவனுக்கு ஓரமாக ஒதுங்கி வழிவிடுவதுபோல ஒரு பார்வை. நீ முதலில் போ என்பதுபோல. அவன் வாயைத் திறந்தான்.

"சர்க்கரை போதுமா?" என்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டான்.

பெரியவர் இன்னும் டம்ளரைத் தொடக்கூட இல்லை.

"பாத்திருக்கணுங்க" என்றார் ஸ்பானர், சித்தப்பாவிடம். "தப்புதான்."

"தப்புதான்னு சொன்னா ஆச்சா? ஆள் வருமா?" சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "நாலு மணிக்குத் தூக்கும்போது நீ கை வெக்காத. எங்க ஆளுங்க இருக்காங்க."

ஸ்பானர் தலையாட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய், வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம், காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பாலத்திலிருந்து அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்தியதும் அவர்தான். யாரும் சொல்லாமல்.

காலி டம்ளர்களைத் தொட்டியில் போட்டுவிட்டு அவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் ஓடியது. எதையும் கழுவவில்லை.

"இந்தத் துணில கட்டி வெச்சிருந்தது எங்கடா?"

அம்மா. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. தலை கலைந்திருந்தது. மேடைமேல் கிடந்த வெறும் துணியைக் கையில் எடுத்திருந்தாள்.

"அது பழசும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

அம்மா துணியை நாலாக மடித்தாள். "நான் தேச்சு வெச்சதும் உங்கப்பாவுக்குச் சிரிப்பு தாங்கல. 'கிழவனையும் மாப்பிள்ளை ஆக்கிட்டியே, இனிமே எவன் மாமனார் எவன் மருமகன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது'ன்னாரு." அவள் உதடு சிரிக்கப்போய்த் திரும்பி வந்தது. "நீ பாத்துத்தானே போட்ட?"

"பாத்துத்தாம்மா போட்டேன்."

"அப்ப சரி."

குழாயை அவளே மூடினாள். சமையலறை திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அந்த மனுஷன் வண்டியத் தொடவே இல்ல" என்றாள், தொட்டியைப் பார்த்தபடி. "உன் சித்தப்பா கேக்கறப்ப எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. நான் பேசல. நீ பேசுவன்னு பாத்தேன்."

அவன் ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டியிலேயே திரும்ப வைத்தான்.

"நீயும் பேசல" என்றாள் அம்மா. மடித்த துணியை அடித்தட்டில், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அப்பாவிடம் போனாள்.

மணி மூன்றரை. சந்துக்குள் பெரிய வண்டி திரும்பாது. தெருமுனைவரை கையில்தான் தூக்கிப் போகவேண்டும். சித்தப்பா விரலை விட்டு ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். அவன் அவர் எதிரில் போய் நின்றான்.

"சித்தப்பா, ஸ்பானர் வண்டியத் தொடல. நான்தான் மாத்தினேன். ஞாயித்துக்கிழமை."

"என்னத்த?"

"தெர்மோஸ்டாட்ட. தப்பா மாத்திட்டேன். அதான் வண்டி நின்னுச்சு." இன்னும் சத்தமாகச் சொல்ல நினைத்தான். குரல் இருந்த அளவில்தான் வந்தது. ஆனாலும் அறையில் எல்லோருக்கும் கேட்டது. அத்தை வாயில் கையை வைத்தாள். அம்மா நிமிரவில்லை.

காலையிலிருந்து இந்த நிமிஷத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தான். அறைவார் என்றுகூட நினைத்திருந்தான். சித்தப்பா அவன் தோளில் கையை வைத்தார்.

"சரி விடு. இப்ப எதுக்கு அதெல்லாம்? நீ வேணும்னா பண்ண? நேரம் வந்துடுச்சு, போய்ட்டாரு. மனசப் போட்டு அலட்டிக்காத."

"அதானே" என்றது ஒரு குரல். "வண்டின்னா நிக்கறதுதான்" என்றது இன்னொன்று. சர்க்கரை போதுமா என்று அவன் கேட்ட பெரியவர், "பாவம், பையன் நல்லது பண்ணணும்னுதானே பண்ணான்" என்றார்.

அரைமணிக்கு முன் ஒருவரை வாசலுக்குத் துரத்திய அதே குற்றம், வீட்டுப் பிள்ளை பெயருக்கு மாறியதும் காற்றாகிப் போய்விட்டது. சித்தப்பா மறுபடி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "நாலு... அஞ்சு... இன்னும் ஒரு ஆள் வேணுமே."

வெளியே நிற்பவரைப் போய்க் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோள்மேல் இருந்த அந்தக் கை அவனுக்கு அடியைவிட வலித்தது. அதை விலக்கிவிட்டுப் படியிறங்கினான்.

ஸ்பானர் கார் பானெட்டில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க வாத்தியாரே."

இத்தனை வருஷம் அந்த வார்த்தை அவனுக்கு இனித்திருக்கிறது. இன்று காதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து நீட்டினான். ஸ்பானர் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசாச்சே."

"ஆமா."

"அப்ப உள்ள..." பானெட்டைப் பார்த்தார். "நேத்து இழுத்துட்டு வந்தப்ப மூடிக்கடியில புது பேக்கிங் தெரிஞ்சுது. போல்ட்டு நல்லாத்தான் இறுக்கியிருக்கு."

அவனுக்கு அந்தப் பாராட்டு தாங்கவில்லை. "நான் பாக்கலண்ணே. அம்மா ரெண்டையும் தேச்சு..."

ஸ்பானர் கையை உயர்த்தினார். அவன் நிறுத்தினான். நிறுத்தியபிறகுதான் பழி யார் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பது அவனுக்கே தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா, அவங்க தேச்சதாலதான்னு?"

"தெரியாது."

"தெரிய வேணாம்." ஸ்பானர் கைக்குட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, ஈரத்தோடு அந்தத் தெர்மோஸ்டாட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பழசை நானே கழட்டிக்கறேன். நீங்க பானெட்டைத் தொறக்காதீங்க."

"உள்ள சொல்லிட்டேண்ணே. நான்தான்னு. வாங்க. ஒரு ஆள் குறையுது."

ஸ்பானர் உடனே வரவில்லை. காரின் முன்சீட்டைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை நடக்கப் போனப்ப சொன்னாரு. 'என் பையனே மாத்திட்டான்யா, உன் பொழப்புல மண்ணு'ன்னு. ஒரே சிரிப்பு." செருப்பை ஓரமாக விட்டார். "வாங்க."

சித்தப்பா அவரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லவந்து, "அந்தப் பக்கம் பிடி" என்று மட்டும் சொன்னார்.

தலைமாட்டில் ஒருபக்கம் அவன், எதிர்ப்பக்கம் ஸ்பானர். நடுவில் அப்பா. தூக்கினார்கள். நினைத்ததைவிடக் கனம் குறைவு. காரைத் தாண்டும்போது இடம் போதாமல் எல்லோரும் ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். கண்ணாடிக்குள் அந்த முன்சீட்டு காலியாக இருந்தது.

அவன் பார்வையைத் திருப்பினான். எதிரே ஸ்பானரின் சலவைச் சட்டையில் பை கீழே இழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், உள்ளங்கை அளவுக்கு, வட்டமாக ஈரம் படர்ந்திருந்தது.

தெருமுனை வரும்வரை அது காயவில்லை.