ஆட்டுப்பட்டிக் காற்று

நாளை மறுநாள் கௌசிகா அக்காவும் பிறந்த பெண் குழந்தையும் மூதூர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். அம்மா உள்ளறையைக் கழுவி, சாம்பிராணி காட்டி, சன்னல் இடுக்குகளில் பழஞ்சீலை அடைத்துவிட்டார். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை அங்கே காற்று நுழையக்கூடாது. சம்பூரில் பிள்ளை பெற்ற வீடெல்லாம் அப்படித்தான்.

அந்த அறையில்தான் நான் காற்றை அளக்கும் கருவியொன்றை வைத்திருந்தேன். கம்பஸிலிருந்து வந்த தயாளினி மிஸ் தந்தது, சவர்க்காரப் பெட்டியளவு. நிலத்துக்கு அடியிலிருந்து றேடன் என்றொரு வாயு வருமாம். நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்புகளால் ஏறி மூடிய அறைக்குள் தேங்குமாம். வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கூடாது. அதன் அளவு பெட்டியில் நூறைத் தாண்டினால் சன்னலைத் திறக்கச் சொன்னார்.

விறாந்தையில் இருபதைத் தாண்டாத பெட்டி, காலையில் உள்ளறையில் முந்நூற்று நாற்பது காட்டியது! கண்ணுக்குத் தெரியாததை நான் பிடித்துவிட்டேன். குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, முந்நூற்று நாப்பது!"

"என்னடி, கறண்ட் பில்லோ?"

"நிலத்துக் காத்து. சன்னலைத் திறக்கவேணும். பிள்ளைக்குக் கூடாது."

நான் இவ்வளவு கதைத்ததே அம்மாவுக்கு அதிசயம். ஆனாலும் அசையவில்லை.

"உங்கள் ரெண்டு பேரையும் மூடின அறையிலதான் வளர்த்தனான். செத்தா போனீங்கள்? உன்ர பெட்டி பொய் சொல்லுது. ஆட்டுப்பட்டியில வைச்சுப் பாப்பம். அங்க மூக்கைப் பொத்தாமல் நிக்க ஏலாது. ஆயிரம் காட்டும்."

அவரே கொண்டுபோய்ப் பட்டியின் கம்பில் கட்டினார். நாள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா சொன்னதுபோல் ஏறிவிட்டால்?

பின்னேரம் பார்த்தோம். பதினாலு.

அம்மா பெட்டியைச் சீலையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பதினாலுதான்.

"திரும்ப அறைக்குள்ள வை," என்றார்.

விடிந்ததும் எனக்கு முதலே அவர் உள்ளே போய்விட்டார்.

"எடியே, ஓடி வா! இது எத்தினை?"

"முந்நூற்றிப் பத்து, அம்மா."

அம்மா பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆட்டுக்குட்டிக்கு நல்ல காத்து, என்ர பேத்திக்குக் கெட்ட காத்தோ?"

சீலைகளைப் பிடுங்கி எறிந்தார். சன்னல் படாரென்று திறந்தது. கடற்காற்று உள்ளே பாய்ந்தது.

"பாத்துக்கொண்டு நிக்கிறாய், கட்டிலை மூலைக்கு இழு! காத்து அறைக்கு வரட்டும். பிள்ளையில படக்கூடாது."

மறுநாள் ஆட்டோ வந்து நின்றபோது பெட்டி நாற்பத்திரண்டு காட்டியது. குழந்தை மூலைக் கட்டிலில் நித்திரையானாள். எனக்குத்தான் கைதட்டவேண்டும்போல இருந்தது.

பிள்ளை பார்க்க வந்த பூரணி மாமி வாசலிலேயே திகைத்து நின்றார்.

"என்ன பாக்கியம், பிள்ளைப்பெத்த அறையில சன்னல் திறந்து கிடக்கு! உனக்கென்ன விசரோ?"

அம்மா பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"மாமியோட போய் அவவின்ர வீட்டையும் பார், பிள்ளை. முதல்ல ஆட்டுப்பட்டியில வை. இல்லாட்டி நம்பமாட்டா."