ஒன்றரைக் கிலோ கேஸ்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'கேஸ் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ரத்த வங்கி முதல் பிணவறை வரை இருநூற்றுப் பதினான்கு குளிர் இயந்திரங்கள். அவற்றுக்குள் ஓடும் கேஸ் கசிகிறதா, கசிந்தால் யார் எப்போது அடைத்தார்கள், எத்தனை கிலோ மறுபடி ஏற்றினார்கள் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. அந்த கேஸ் வானத்துக்குப் போனால் பூமி சூடாகுமாம். அதனால் சட்டம் உண்டு, வருஷம் ஒருமுறை ஆய்வாளரும் உண்டு. "கேஸ் போச்சுன்னா நம்ம மேல கேஸ் ஆகும்" என்று மாதம் இருமுறை சொல்லுவார். சிரிப்பதும் அவர் ஒருவர்தான்.

இப்போது நிஜமாகவே ஒன்றரைக் கிலோ போய்விட்டது.

ஸ்டோரில் எட்டு சிலிண்டர்கள். திங்கள்தோறும் அவற்றின் இரும்பு மூடிகளைக் கழற்றி, வால்வில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பார்கள். பிறகு மூடிகளை ஒரு கூடையில் போட்டு, கூடையையும் சிலிண்டர்களோடு சேர்த்துப் பெரிய தராசில் ஏற்றுவார்கள். வாங்கிய நாளில் மூடியோடு எடை எழுதியாயிற்று, அதனால் இப்படி ஒரு வழக்கம். உருட்டி ஏற்றுவது மெக்கானிக். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எண்ணைப் படிப்பது கேஸ் சார்.

ஸ்டோருக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது மெக்கானிக்கிடம். தன்மேல் சந்தேகப்பட அவருக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை. ஆக, மிஞ்சுவது மெக்கானிக். அவனோ அவர் மனைவியின் தம்பி. வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவரேதான்.

அடுத்த திங்களும் அதே ஒன்றரைக் கிலோதான் குறைவாக இருந்தது. மூன்றாவது திங்களும் அதே. சாதாரணத் திருடன் என்றால் வாராவாரம் எடுப்பான். இவன் ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டானே, என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்தார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆறு மாதமாக வெந்நீர் தராத குறையாக இருந்த பிரிட்ஜ், திடீரென்று பல் கூசுகிற தண்ணீர் கொடுத்தது.

"யார் சரி பண்ணா?"

"தம்பிதான். போன மாசம் வந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டான். உங்ககிட்ட சொன்னா அதுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போடுவீங்கன்னு சொல்லல," என்றாள் மனைவி.

கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். வேலியே பயிரை மேய்கிறது, அந்தப் பயிரில் இவருக்கும் ஒரு பங்கு. ஆனால் வீட்டுப் பிரிட்ஜுக்கு நூறு கிராம் தாராளம். மீதி யார் வீட்டில் குளிர்கிறது? அன்றிலிருந்து பானைத் தண்ணீர்தான் குடித்தார். கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றார்.

புதன்கிழமை, மெக்கானிக் மொட்டைமாடிக்குப் போன நேரம் பார்த்து அவன் பையைத் திறந்தார். ஸ்பேனர், துணி, சோற்று டப்பா. டப்பாவையும் திறந்தார். சோறுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர். கேஸைக் கடத்தினான் என்று ஒரு வரி எழுதினால் போதும், மெக்கானிக்கின் லைசென்ஸ் போய்விடும். அதற்கப்புறம் அவன் எந்த இயந்திரத்தையும் தொட முடியாது. எழுதாவிட்டால் இவர் பொய்க் கணக்குக்காரர். மூன்று ராத்திரி புரண்டு எழுதிய கடிதம் டிராயரில் ஒட்டாத உறையில் கிடந்தது. பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டார்.

"கூப்பிட்டீங்களா அத்தான்?"

"ஆபீஸ்ல சார்."

"சரிங்க சார் அத்தான்."

"ஸ்டாக் ஷீட்டு. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு." அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மூக்கைத்தான் சொறிந்துகொண்டான்.

"ஒன்றரைக் கிலோ குறையுதே. என்ன சொல்றே?"

"அதான் எனக்கும் புரியல. எல்லா வால்வும் ரெண்டு தடவை பார்த்தேன், ஒரு குமிழி வரல. பேனா குடுங்க."

"எடுத்துக்கோ."

மேசைமேல் இருந்த கனத்த இரும்புப் பேனாத் தாங்கியை நோக்கிக் கை நீட்டியவன் அப்படியே நின்றான். பேனாக்களை உருவி மேசையில் போட்டான். தாங்கியைத் தூக்கிக் கையில் எடை பார்த்தான். கவிழ்த்தான். உள்ளே திருகு மரை ஓடியிருந்தது.

"இது எங்க கிடைச்சுது அத்தான்?"

"ஸ்டோர் வாசல்ல கிடந்துது. குப்பைக்குப் போகுதேன்னு துடைச்சு..."

இருவரும் ஸ்டோருக்கு நடந்தார்கள். கூடையில் மூடிகளை எண்ணினார்கள்: ஏழு. எட்டாவதாகப் பேனாத் தாங்கியைப் போட்டதும் தராசு, ஒன்றுமே நடக்காதது போல, சரியான எண்ணைக் காட்டியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். வெண்ணெயில் பேனா குத்தி வைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"பிரிட்ஜ்?" என்றார் மெதுவாக.

"கதவு ரப்பர் மாத்தினேன். அதையுமா சந்தேகப்பட்டீங்க?"

அவர் அறைக்குத் திரும்பி, உறையை எடுத்து அவனிடமே கொடுத்தார். அவன் நின்றபடியே படித்தான்.

"'மேற்படி நபர்'ங்கறது நான்தான?"

"ம்."

"எழுத்து நல்லாருக்கு." மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "புதன்கிழமை என் சோத்து டப்பாவைத் திறந்தவரு திருகாம வெச்சுட்டாரு. ஸ்பேனரெல்லாம் சோறு. அப்பவே தெரியும், யாரோ என்னைத் தேடறாங்கன்னு. நீங்கன்னு நெனைக்கல. மூடி விஷயத்துல உங்களுக்கு ராசியே இல்ல அத்தான்."

'சார்' என்று திருத்த அவருக்கு வாய் வரவில்லை. "தப்புதான்டா" என்றார். அவன் திரும்பி நடந்துவிட்டான்.

பதினோரு மணிக்கு வந்த ஆய்வாளர் பதிவேட்டின் குறிப்புப் பகுதியை இரண்டு முறை படித்தார். 'மூன்று வாரக் குறைவுக்குக் காரணம்: ஒரு மூடி, கணக்கு எழுதுபவரின் மேசைமேல். மெக்கானிக்கின் பிழை ஏதும் இல்லை.' மேசையில் சிதறிக் கிடந்த பேனாக்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்றையே எடுத்துக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை வீட்டில் கேஸ் சார் இரண்டு டம்ளர் ஐஸ் தண்ணீர் குடித்தார். மெக்கானிக் அந்தப் பக்கம் வரவில்லை. சனிக்கிழமையும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை அவர் அறையைத் திறந்தபோது மேசைமேல் ஒரு காலித் தகர டப்பா இருந்தது. கழுவி, விளிம்பு தட்டி, பேனாக்களை அதில் நிறுத்தியிருந்தான். டப்பாமேல் ஸ்டோரின் எடைச் சீட்டு ஒன்று ஒட்டி, அவன் கையெழுத்தில்: 'எடை 60 கிராம். மூடி கிடையாது.'