நிலுவை இல்லாத மேஜை

பராசரனுக்கு அந்தத் தாலுகா அலுவலகத்தில் நல்ல பெயர். பதினோரு வருடமாக அவர் மேஜையில் ஒரு மனுகூட நிலுவையில் நின்றதில்லை. மாதக் கடைசியில் பதிவேட்டைக் காட்டும்போது மற்ற குமாஸ்தாக்கள் தலையைச் சொறிவார்கள். இவர் பக்கத்தில் மட்டும் ‘நிலுவை: இல்லை’ என்று முத்து முத்தான கையெழுத்து இருக்கும்.

1986 ஏப்ரலில் ஒரு நாள், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது அலுவலக வாசலில் ஒரே கோஷம். கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். பக்கத்து மேஜைக்காரர் கோபு, எதிர்ப்பு மகஜரை நீட்டினார்.

“ஓய், கையெழுத்தைப் போடும். அந்தப் பொட்டி வந்தா நம்ம எல்லாரையும் ஆத்துக்கு அனுப்பிடுவா.”

“மெஷினுக்கு மனுஷாள் கஷ்டம் என்ன தெரியும்? மத்தியானம் போடறேன், வையும்” என்றார் பராசரன்.

மனிதர்களின் கஷ்டம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மனுவில் ஐந்து குறை இருந்தால் அவர் ஐந்தையும் சொல்லமாட்டார். ஒன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மனுவைத் திருப்பிவிடுவார். திருப்பியதுமே பதிவேட்டில் அந்த மனு தீர்ந்த கணக்கு. அது சரி செய்யப்பட்டு வந்தால் புது எண், அடுத்த குறை, மறுபடியும் தீர்ந்தது. மேஜை சுத்தமாக இருந்தது. ஜனங்கள்தான் நடையாய் நடந்தார்கள். இதற்கு வருடா வருடம் பாராட்டுக் கடிதம் வேறு. சொல்லவே வாய் கூசுகிறது.

பதினோரு மணிக்கு ரோசரி வந்தாள். பாலக்கரைப் பெண். அரசாங்க வாட்ச்மேனாக இருந்த அவள் அப்பா தைரியராஜ் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை கேட்க மூன்று வருடக் கெடு. அதற்குள் இந்த அலுவலகம் வாரிசுச் சான்றிதழ் தர வேண்டும். அவள் ஐந்து சீட்டுகளை வரிசையாக மேஜையில் வைத்தாள்.

“எல்லாம் உங்க கையெழுத்துதான சார்?”

“ஆமாம்மா. குறையைச் சரி பண்ணிண்டு வந்தியோ?”

“முதல் சீட்டுல அப்பா இறந்த சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் இல்லன்னீங்க. வாங்கிட்டு வந்தேன். அடுத்து, எங்கம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கலைன்னு சர்டிபிகேட். எங்கம்மாவுக்கு அம்பத்தாறு வயசு சார். தெருக்காரங்க ரெண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்தி அதையும் வாங்கினோம். அப்புறம் ரேஷன் கார்டு. அப்புறம் வீட்டுல வேற யாரும் அரசாங்க வேலையில இல்லைன்னு ஒண்ணு. இது அஞ்சாவது, படிங்க சார்.”

பராசரன் படித்தார். ‘தாயார் மறுமணம் செய்யவில்லை என்ற சான்று ஓராண்டு கடந்துவிட்டதால், புதிதாகப் பெற்று இணைக்கவும்.’ எழுதியது நினைவிருந்தது. எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை.

“எங்கம்மா சகாயம்மாள் இதைக் கேட்டதும் சாப்பிடாம படுத்துட்டாங்க. இன்னொரு தடவை போய் அதையே சொல்லமாட்டேன்னுட்டாங்க. போன வெள்ளிக்கிழமையோட கெடு முடிஞ்சிடுச்சு.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா...”

“நாலு தடவையும் சொன்னேன் சார். அடுத்த ஆளைக் கூப்பிட்டீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் ஒரு தனியார் கம்பெனியில சேர்ந்துட்டேன். சம்பளம் பாதிதான். ஆனா என்னென்ன வேணும்னு ஒரே பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க, மறுநாளே வேலை. வாசல்ல மெஷின் வேணாம்னு கத்துறாங்களே... மெஷினா இருந்தா முதல் நாளே எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கும் சார்.”

சீட்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பராசரன் விதிப் புத்தகத்தை எடுத்தார். மூலச் சட்டத்தில் கேட்டிருந்தது இரண்டே காகிதங்கள். மற்றதெல்லாம் சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கையாக ஒட்டப்பட்டவை. அந்த மறுமணச் சான்றோ, விதவை தானே வேலை கேட்டால்தான் தேவை. மகள் கேட்டால் தேவையே இல்லை. பழக்கதோஷத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணியைத் தெருவில் நிற்க வைத்தது சட்டம்கூட இல்லை, தன் பேனா. கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

பதிவேட்டை விரித்து, பதினோரு வருடத்தில் முதல் முறையாக ‘நிலுவை: ஒன்று’ என்று எழுதினார். தாமதம் தன் தவறு, கெடுவைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். அது எத்தனை மேஜை ஏறி இறங்கும், எவன் எந்தக் குறையைச் சொல்லித் திருப்புவான் என்பது அவருக்குத் தெரியாதா?

மத்தியானம் கோபு மகஜரோடு வந்தார். “என்ன ஓய், போடறீரா?”

“போடமாட்டேன்.”

“நாளைக்கு நம்ம குழந்தைகள் சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்?”

பராசரன் ஐந்து சீட்டுகளையும் அவர் கையில் திணித்தார்.

“இந்தப் பொண்ணோட சாப்பாட்டை நான் பிடுங்கிட்டேன் கோபு, ஒத்தை ரூபாய் லஞ்சம் வாங்காம! சட்டம் ரெண்டு வரியில இருந்தா போறும். மெஷின் பண்ற வேலையை மெஷின் பண்ணட்டும். கவர்மெண்ட் கையில இருந்தே ஆகணும்னு இல்லாததை வெளியில நன்னாப் பண்றவாளிடம் விட்டுடணும். நமக்கு உத்தியோகம் வேணும்கறதுக்காக ஜனங்களை அலைய விடறோமே, அதுக்குப் பேர் சேவை இல்லை ஓய். திருட்டு.”