டேப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு

என் குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். பணத்தைப் பெருக்குவது எப்படி, காலையில் சீக்கிரம் எழுவது எப்படி, மனக்கவலையை ஒழிப்பது எப்படி என்று பஸ்ஸிலும் நடைப்பயிற்சியிலும் உங்கள் காதுக்குள் பேசிக்கொண்டே வருவது நான்தான். ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். ஊருக்குத்தான் உபதேசம்; நான் இன்றுவரை சீக்கிரம் எழுந்ததும் இல்லை, கவலையை ஒழித்ததும் இல்லை. ஆனால் நான் வாசித்தால் நீங்கள் நம்புவீர்கள். அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரே ஒரு குறைதான். இத்தனை வருஷத்தில் ஒரு நாவல்கூட என் கைக்கு வந்ததில்லை. "உங்களுது அட்வைஸ் குரல் மேடம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த மாதம்தான் கதவு கொஞ்சம் திறந்தது. சலவைக்கடை நடத்தும் ஒரு அக்கா தங்கையின் கதை, தலையணை அளவுக்குப் பெரிய நாவல். பதிப்பகத்தின் ஆசிரியர் அம்மா இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார். ஒருத்தி நான். இன்னொருத்தி மேடை நாடகங்களில் பெயர் வாங்கிய நடிகை. ஆளுக்கொரு தடவை இரண்டாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்தவருக்கு முழு நாவலும். என் முறை வெள்ளிக்கிழமை. இதை விட்டால் ஆயுசு முழுக்க அட்வைஸ்தான். எனக்கு அந்த நாவல் வேண்டும், வேறு யாருக்கும் போகக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவு அறைக்குள் காகிதம் கொண்டுபோக முடியாது, புரட்டினால் சரசரக்கும். அதனால் டேப்பை, அதாவது டேப்லெட்டை, ஸ்டாண்டில் மாட்டி, அதைப் பார்த்து வாசிப்பேன். ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சுக்கும் ஒரு நிறம் பூசி வைப்பேன். நீலம் என்றால் மென்மை, பச்சை என்றால் வயசான ஆள், சிவப்பு என்றால் கோபக்காரி. யோசிக்கவே வேண்டாம். கண்ணில் நிறம் பட்டதும் தொண்டை தானாக மாறிக்கொள்ளும். எங்கள் ஒலிப்பதிவாளனுக்கு இது பெரிய ஆச்சரியம். அவனை எல்லோரும் "பாம்புச் செவி" என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என் வயிறு உறுமுவதைக்கூடக் கேட்டு, "அக்கா, சாப்பிட்டு வாங்க" என்பான்.

இந்த நாவலின் முதல் நாலு அத்தியாயங்களுக்கும் நிறம் பூசிவிட்டேன். தங்கை நீலம். அக்கா எடுத்ததற்கெல்லாம் கத்துகிறாள், வாடிக்கையாளரை விரட்டுகிறாள், அதனால் அழுத்தமான சிவப்பு. அதற்கு மேல் ஒரு பக்கம் நகரவில்லை. காரணம் டேப். அது என்னுடையது என்று பெயர்தான். மகளுக்குக் கணக்கு வகுப்பு அதில். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் பிரித்துப் பூட்டும் வீடியோ அதில். எல்லோரும் விட்டுவைத்த நேரத்தில் நான் எடுத்தால், கரண்டு பில் கட்டு என்று ஒரு அறிவிப்பு திரையின் மேலிருந்து எட்டிப்பார்க்கும். அதைத் தள்ளினால் என் தங்கை அனுப்பிய பூனை வீடியோ. பூனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சலவைக்கடையில் யார் என்ன சொன்னார்கள் என்றே மறந்திருக்கும்.

"படிக்கிறதுக்கு மட்டும் தனியா ஒரு இ-ரீடர் வாங்கப் போறேன்" என்று அறிவித்தேன்.

என் வீட்டுக்காரர் பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதையே சண்டை என்று நினைத்து எதிர்வீட்டு அம்மா இரண்டு தடவை சமாதானம் செய்ய வந்திருக்கிறார். அடுப்படியிலிருந்து நான் சொல்வது மட்டும் அவருக்கு எட்டவே எட்டாது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். நேரே போய் நின்றால் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்பார், கல்யாணமான புதிதில் போல. அதற்காகவே பல குற்றங்களை மன்னித்திருக்கிறேன்.

"டேப் இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு? ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா?" என்று முழங்கினார். "அதுலயும் எழுத்துதான் தெரியுது, இதுலயும் எழுத்துதான் தெரியப்போகுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

எனக்கு மூக்கு சிவந்தது. அவருடைய வேலைப் பையை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல எத்தனை ஸ்பேனர் இருக்கு?"

"ஏகப்பட்டது இருக்கு. ஏன்?"

"திருகித் திருகிப் பெருசு பண்ணுவீங்களே, அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், அது ஒண்ணே எல்லா நட்டுக்கும் சேருமே. மிச்சத்தை ஏன் சுமக்கறீங்க?"

"அது எல்லாத்துக்கும் சேரும், எதுலயும் சரியாப் பிடிக்காது. நட்டு முனையைத் தின்னுடும். அவசரத்துக்கு வெச்சிருக்கேன். வேலைக்கு அந்தந்த சைஸ் ஸ்பேனர்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தவளை தன் வாயால் கெடும். நான் அன்று சாயங்காலமே போய் வாங்கி வந்தேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் பெட்டியோடும் பில்லோடும் திருப்பித் தரலாம் என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைப் பத்திரமாகத் துடைத்து, பில்லை அதற்குள் மடித்து வைத்து, ஃபிரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டார். தோற்றவர் கையில் அந்தப் பெட்டி மட்டும்தான் மிச்சம்.

அவர் ஜெயிக்கப்போகிறார் என்றுதான் முதல் நாள் தோன்றியது. நான் நிறம் பூசிய நாவலை இ-ரீடருக்குள் ஏற்றித் திறந்தால், சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல். அந்தக் கருவிக்குக் கறுப்பு வெள்ளை தவிர வேறு தெரியாதாம். வாங்குவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். படிக்கிற அவசரத்தில் எனக்கு நிறம் ஞாபகம் வரவில்லை. யார் பேச்சு எது என்றே தெரியாமல் எல்லோரும் ஒரே அழுக்கில் முக்கி எடுத்த துணிகளாகக் கிடந்தார்கள். கோபத்தில் அதை மூடி வைத்தேன். மறுநாள், திருப்பிக் கொடுக்கத்தானே போகிறோம், அதுவரைக்கும் சும்மா படித்து வைப்போம் என்று எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

பட்டப்பகல் வெயில். டேப்பை அங்கே கொண்டுபோனால் என் மூஞ்சி மட்டும்தான் தெரியும். இதில் எழுத்து அச்சுப் போட்டது போல நின்றது. பூனை வரவில்லை. பில் வரவில்லை. நிறம் பூசவும் வழியில்லாததால் அடுத்து என்ன என்று படிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. உண்மையைச் சொன்னால், குரல் கொடுப்பதற்காக இல்லாமல் எனக்காக ஒரு கதையைப் படித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் கடைசி அத்தியாயங்களைப் படித்தபோது அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அழுததற்குக் காரணம் அந்த அக்காதான். நாவல் முடியப் போகிற நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டி தரையில் விழுகிறது. தங்கை அலறுகிறாள். அக்கா திரும்பவே இல்லை. அப்போதுதான் தங்கைக்குப் புரிகிறது, அக்காவுக்குக் காது கேட்காமல் போய் வருஷக்கணக்காகிறது என்று. அவள் யாரையும் திட்டியதே இல்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கப் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளைத்தான் நான் நாலே அத்தியாயம் படித்துவிட்டுச் சிவப்பில் முக்கி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதிவு அறைக்கு வழக்கம்போல டேப்பைத்தான் எடுத்துப்போனேன். சிவப்பை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். நிறம் என்ன செய்யும், விஷயம் தெரிந்தவள் நான் இருக்கும்போது என்ற தெம்பு. ஆசிரியர் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவு விளக்கு எரிந்தது. ஆரம்பித்தேன். தங்கை பேசினாள், நீலமாக, அழகாக. அக்கா வாயைத் திறந்தாள். சிவப்பு கண்ணில் பட்டதும் என் தொண்டை சூடேறி அவளை ராட்சசியாக்கிவிட்டது. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் ராட்சசி. இத்தனை வருஷம் நானே பழக்கிய தொண்டை, என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

"அக்கா," என்றான் பாம்புச் செவி ஹெட்ஃபோனில், மெதுவாக. "உங்க மனசுல ஒண்ணு இருக்கு, வாயில வேற வருது. என்னாச்சு?"

பயந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பயந்தேன். ஆசிரியர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நான் டேப்பைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கைப்பையிலிருந்து இ-ரீடரை எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இதுல பக்கம் மாற கொஞ்சம் நேரமாகும், நடுவுல இடைவெளி விழும். வெட்டிக்கோ" என்றேன்.

"நீங்க படிங்க. அது என் கவலை."

சாம்பல் எழுத்து எதையும் சொல்லித்தரவில்லை. யார் பேசுகிறார்கள் என்பதை நானே அறிந்து பேச வேண்டியிருந்தது, எனக்கோ அவர்கள் எல்லோரையும் தெரிந்திருந்தது. அக்காவை உரக்கப் பேச வைத்தேன். அறை அதிரும் சத்தம், ஆனால் அதற்குள் சூடு இல்லை. முதல் தடவை கேட்பவர் கோபம் என்றுதான் நினைப்பார். கதையை முடித்துவிட்டுத் திரும்ப வந்து கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அத்தியாயம் முடிந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆசிரியர் அம்மா மைக் பொத்தானை அழுத்தினார். "அந்த நடிகை இந்த இடத்துல நெருப்பா கொதிச்சாங்க. நீங்க ஏன் கொதிக்கல?"

"கொதிக்க அவளுக்குக் காரணமே இல்லைங்க மேடம். அவ திட்டல. அவளுக்குக் கேக்கல."

அவர் மைக்கின் பக்கம் குனிந்தார். "முழுசாப் படிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார். "ரெண்டாம் அத்தியாயம்தானே கேட்டோம்?"

"கதையோட முடிவு தெரியாம முதல் வரியை எப்படிங்க வாசிக்கிறது?"

அட்வைஸ் குரலில்தான் சொல்லியிருப்பேன் போல, அவர் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் பதிவை ஆரம்பிக்கலாம் என்றார். கரும்பு தின்னக் கூலி. பாம்புச் செவி கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தேன். பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: இரண்டும் இருக்கும். முதலில் சாம்பலில் கடைசிப் பக்கம் வரை படிப்பது, பிறகு டேப்பில் நிறம் பூசுவது. என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"என்னங்க, நாவல் எனக்குக் கிடைச்சுடுச்சு!"

திரும்பவில்லை. என் வாழ்க்கையின் பெரிய சேதி, மனிதர் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். மூக்கு சிவக்கத் தொடங்கியது. இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னேன். துடைக்கும் கை நிற்கவில்லை. கிட்டே போனேன்; என் நிழல் மோட்டார் மேல் விழுந்ததும்தான் நிமிர்ந்தார்.

"வந்துட்டியா! பெட்டியும் பில்லும் எடுத்து வெச்சிருக்கேன்! இன்னிக்குதான் கடைசி நாள்! கடை மூடறதுக்குள்ள கொடுத்துட்டு வந்துடலாம்!"

அறை அதிர்ந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் முழுக்க என் தொண்டையில் இருந்த குரல். அத்தனை சத்தம், அதற்குள் துளி சூடு இல்லை.

அடுப்படியிலிருந்து நான் கத்திய அத்தனையும், எதிர்வீட்டு அம்மாவின் சமாதானமும், மோட்டார் அறை இரைச்சலும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. பிறகு அவருக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"நாவல் எனக்குக் கிடைச்சுடுச்சு" என்றேன், நிதானமாக.

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி எழுத்து முடிந்ததும் முகம் மலர்ந்து, கிரீஸ் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எனக்குத் தெரியும்! எனக்கு அப்பவே தெரியும்!"

ஃபிரிட்ஜ் மேலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் காத்திருந்த பெட்டியை எடுத்தேன். பில்லை வெளியே எடுத்துக் கசக்கினேன். தரையில் சிதறிக் கிடந்த வாஷர்களை அள்ளி அதற்குள் போட்டு மூடி அவர் கையில் கொடுத்தேன்.

"இ-ரீடர் எங்கயும் போகாது, இங்கதான் இருக்கும். நாளைக்கு நாம வேற ஒரு இடத்துக்குப் போறோம். காது டாக்டர்கிட்ட."

"எனக்கா? எனக்கு என்ன, நல்லாத்தான் கேக்குது!"

"கேக்கட்டும். இன்னும் நல்லாக் கேக்கட்டும்."

முறைத்தார். ஆனால் கண் என் உதட்டை விட்டு அகலவில்லை. இத்தனை காலமும் அதை ஆசை என்று நினைத்திருந்தேன். ஆசையும் கொஞ்சம் இருக்கும், அதை மட்டும் எந்த டாக்டர் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.