மூன்றாவது பாட்டிலின் துவர்ப்பு

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து ஹம்சினி மறுபடி கல்கத்தா லேக் கார்டன்ஸில் இருக்கும் தன் ஃப்ளாட்டுக்கு வந்ததே சாதனாவுக்குப் பெரிய விஷயம். முன்பு ஹம்சினி கேக் கடை வைத்தபோது, நேரில் "பிரமாதம்" என்று சொன்ன சாதனா, வெளியே போய் "கேக்கா அது, செங்கல்!" என்று நாலு பேரிடம் சிரித்தாள். அது ஹம்சினியின் காதுக்குப் போயிற்று. கடையும் மூடியாயிற்று, பேச்சும் நின்றது. இன்றைக்கு எப்படியாவது அவளைச் சமாதானப்படுத்திவிட வேண்டும்.

ஞாயிறு மத்தியானம். ஆளுக்கொரு ஒயின் பாட்டில், பழைய பேப்பரில் சுற்றி. மூன்று பேரும் ருசி சொன்ன பிறகுதான் யாருடையது என்று சொல்லலாம்.

முதலாவது வெள்ளை, சாதனா வாங்கியது. "எலுமிச்சம்பழத் தோலை நக்கின மாதிரி இருக்கு. நல்லவிதமாத்தான் சொல்றேன்ப்பா!" என்றான் ரஞ்சன். சாதனாவின் ஆபீஸ் நண்பன். எப்போதும் மலிவு சரக்கைத் தூக்கி வந்து திட்டு வாங்குகிறவன்.

இரண்டாவது சிவப்பு, வழவழவென்று இறங்கியது. ஹம்சினியுடையதுதான் என்று சாதனா தீர்மானித்துவிட்டாள். "ஆகா, பட்டுப்புடவையைத் தொட்ட மாதிரி!"

அப்படியானால் மூன்றாவது ரஞ்சனுடையதாகத்தான் இருக்கும்; அதை வாயில் வைத்தாள். நாவல்பழத் துவர்ப்பு. நாக்கைக் கவ்விப் பிடித்து, அப்புறம் மெல்ல இனித்தது. இன்னொரு வாய் வேண்டும் போலிருந்தது. ஆனால் ரஞ்சன் பாட்டிலைக் கிண்டல் செய்யாமல் விடுவதா? ஹம்சினியும் சிரிப்பாளே!

"டேய், இருமல் மருந்துல சாயம் கலந்து எடுத்துண்டு வந்தியா?"

ரஞ்சன் சிரிக்கவில்லை. "என்னோடது ரெண்டாவது, சாதனா."

ஹம்சினி பேப்பரைப் பிரித்தாள். லேபிள் இல்லாத பாட்டில். "பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசல்ல காலோஜாம், அதான் நம்ம நாவல்பழம், வாங்கி நானே ஒயின் போட்டேன். நன்னா வந்தா மறுபடி ஏதாவது தொழில் பண்ணலாமான்னு ஒரு நெனப்பு."

"ஹம்சி, சத்தியமா நன்னாயிருக்குடி! மூணுல இதான் எனக்குப் பிடிச்சது. ரஞ்சனோடதுன்னு நெனச்சு, விளையாட்டுக்கு..."

"பரவாயில்ல." கோபமாகச் சொல்லியிருந்தாலாவது கெஞ்சியிருக்கலாம். ஹம்சினி அமைதியாகச் சொன்னாள். "இந்தத் தடவை மூஞ்சிக்கு நேரா நிஜத்தைச் சொன்னியே, அது போதும்."

சாதனா கிளாஸைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"எனக்காகக் குடிக்க வேண்டாம்டி," என்று ஹம்சினி பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.